'ஹாலா' திரையிடலுக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் சிறு திரைப்படக் குழுவில் செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனின் 'ஹாலா' (1975) படத்தைத் திரையிட இருக்கிறோம். படத்தின் தொடக்கத்தில் உள்ளூர் வணிகர்கள் வணிகர் சங்கத்திலிருந்து வெள்ளைக்காரர்களைத் துரத்துகிறார்கள். சற்று நேரத்தில் அந்த வெள்ளைக்காரர்களே பெட்டி நிறையப் பணத்தோடு வந்து நிற்கிறார்கள். பாட்டில் தண்ணீரில் கார் கழுவச் செய்யும் அந்தப் புதுப் பணக்காரரை மறக்க முடியுமா? விடுதலைக்குப் பிந்தைய ஆட்சியை இத்தனை குறும்பாகத் தோலுரித்த படம் அரிது. செனகலிலேயே தணிக்கை கத்தரி வைத்ததில் வியப்பில்லை.

திரையிடும் அனுமதியை யாரிடம் கேட்பது? படத்தில் வரும் வொலோஃப் (செனகலில் பேசப்படும் மொழி) பாடல்களுக்குப் பொருள் சொல்ல யாராவது இருக்கிறீர்களா? அடுத்த மாதத்துக்கு ஆப்பிரிக்கப் பெண் இயக்குநர் ஒருவரின் படத்தையும் சொல்லுங்கள். வறுமையை மட்டும் காட்டும் ஆவணப்படங்கள் வேண்டாம். அவை போதுமான அளவு பார்த்தாயிற்று.