புதுப்பிப்பு: சமையலறைத் தரையில் வினைல் ஷீட், ஆறு மாதம் கழித்து

"சமையலறைத் தரையில் விரிக்க எந்த வினைல் (ஒருவகை பிளாஸ்டிக்) ஷீட் போடலாம்?" என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

மேலிருந்து அடிவரை ஒரே கலவையாக இருக்கும் ரகத்தைச் சிலர் சொன்னீர்கள். ஆஸ்பத்திரிகளில் போடுவது அதுதான். தேய்ந்தாலும் நிறம் மாறாது. வீட்டுக்கு அது அதிகம் என்று பல அடுக்கு ரகத்தை எடுத்தேன். வெட்டிய விளிம்பில் தெளிவாகத் தெரிகிறது: மேலே கண்ணாடி மாதிரி தேய்மான அடுக்கு, அடுத்து அச்சிட்ட மரக்கோலம், அடியில் நுரை. மொத்தக் கனத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், உழைப்பது அந்த மேலடுக்குதான். என்னுடையதில் அந்த அடுக்கு 0.5 மி.மீ.

நுரை காலுக்கு மெத்தென்று இருக்கிறது. ஆனால் ஃபிரிட்ஜை நகர்த்தினால் நான்கு குழி! சமையலறைக்கு நுரை இல்லாததையே எடுத்திருக்கலாம்.

ரப்பர் மிதியடியை மட்டும் இதன் மேல் விரித்துவிடாதீர்கள். வாசல் பக்கம் மஞ்சள் கறை, எதற்கும் அசையவில்லை.