பதினோராம் வகுப்பில் ஓவியத்தைப் பாடமாக எடுக்கலாமா?

காட்பாடியிலிருந்து ஒரு தாய்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு சிபிஎஸ்இ பள்ளியில் பத்தாம் வகுப்பை முடித்திருக்கிறாள். பதினோராம் வகுப்பில் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் ஐந்தாவது பாடமாகக் கணினி அறிவியலையோ ஓவியத்தையோ எடுத்துக்கொள்ளலாம் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து வரைந்துவரும் அவள் ஓவியம்தான் வேண்டும் என்கிறாள். வீட்டுப் பெரியவர்களுக்குச் சம்மதம் இல்லை. பொழுதுபோக்கை எதற்குப் பாடமாக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இதற்கிடையில், நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் மகன் உயர்நிலைப் பள்ளியிலேயே ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) எனப்படும் கல்லூரித் தர ஓவியப் பாடம் படிக்கிறான் என்றும், அதற்கு எழுத்துத் தேர்வே கிடையாது, செய்த படைப்புகளைத்தான் அனுப்ப வேண்டும் என்றும் அண்ணன் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து, இங்கே கற்பிப்பது அதற்கு ஈடாகுமா என்று அவளுக்கே ஐயம் வந்துவிட்டது. இந்த இரண்டு ஆண்டுகளில் அவள் என்ன செய்ய வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், சத்துவாச்சாரி:

அம்மா, தயங்காமல் ஓவியத்தை எடுக்கச் சொல்லுங்கள். கணிதம் கூடவே இருப்பதால், பின்னாளில் கட்டடக்கலைக்குப் போக நினைத்தாலும் தடையில்லை.

சிபிஎஸ்இ ஓவியப் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 30 மதிப்பெண், செய்முறைக்கு 70. செய்முறையில் எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரைதல், கற்பனையில் ஒரு காட்சியை அமைத்தல், ஆண்டு முழுவதும் செய்தவற்றின் தொகுப்பு ஆகியவை உண்டு. உங்கள் அண்ணன் மகன் படிப்பது அமெரிக்காவின் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் பாடம். வரைதல், இருபரிமாண வடிவமைப்பு, முப்பரிமாண வடிவமைப்பு என்று அதில் மூன்று பிரிவுகள் இருக்கின்றன. தேர்ந்தெடுத்த 5 படைப்புகளுக்கு 40 விழுக்காடு. மாணவர் தாமே எழுப்பிக்கொண்ட ஒரு கேள்வியை விடாமல் பின்தொடர்ந்து சென்றதைக் காட்டும் 15 படங்களுக்கு 60 விழுக்காடு. அந்தப் பதினைந்தில் முடிந்த ஓவியங்கள் மட்டுமல்லாமல், முயன்று பார்த்த தாள்களும் இடம்பெறலாம். பிறருடைய புகைப்படத்தை அப்படியே படியெடுப்பதும், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவதும் அங்கே விலக்கப்பட்டவை.

கைத்திறனைப் பொறுத்தவரை நம் பிள்ளைகள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். நம்மிடம் குறைவது அந்தக் கேள்விதான். கைப்பேசியில் ஒரு நடிகரின் படத்தை வைத்துக்கொண்டு, கட்டம் போட்டு, அச்சு அசலாக வரைந்துவிட்டால் ஊரே பாராட்டுகிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பாராட்டினேன், அதற்காக இன்று வருந்துகிறேன். என் கருத்தை மாற்றியவள் ஒரு மாணவி. அவளுடைய தாய் பீடி சுற்றுபவர். முதலில் கூடம் முழுவதையும் வரைந்தாள். பிறகு மடியில் முறம் வைத்திருக்கும் தாயை மட்டும் வரைந்தாள். அடுத்து இலையைத் தகட்டளவுக்கு வெட்டும் கையை, புகையிலையை வைத்துச் சுருட்டும் விரல்களை, கடைசியில் கட்டிய நூலை மட்டும் என்று நெருங்கிக்கொண்டே போனாள். நன்றாக வரவில்லை என்று அவள் கிழித்தெறிந்த தாள்களில்தான் அந்த விரல்களின் வேகம் இருந்தது என்பது எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. ஆகவே உங்கள் மகளிடம், எந்தத் தாளையும் கிழிக்காமல் தேதியிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

பொருளைத் தேடி வெளியூர் போக வேண்டியதும் இல்லை. இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயின் காம்பை ஒரு வாரம் வரைந்தால், வழவழப்பும் முள்ளும் ஒரே வெளிச்சத்தில் எப்படி வேறுபடுகின்றன என்பது கைக்குப் பிடிபடும். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கலியாண மண்டபத்தின் யாளித் தூண் ஒன்றைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் வரையச் சொல்லுங்கள். பக்கவாட்டு வெளிச்சம் மாறியதும் அது வேறொரு தூணாகவே தோன்றும். ஏபி தொகுப்பை அனுப்புவதற்குத்தான் ஒரு பள்ளியின் வழியாகப் போக வேண்டும். அந்த முறையில் உழைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

குடியாத்தம், முன்னாள் கவின்கலைக் கல்லூரி மாணவர்:

ஐயா சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், கட்டம் போடுவதைப் பற்றிச் சொன்னதைத் தவிர. எங்கள் ஊர்த் தறிகளுக்கு வடிவம் தருகிறவர்கள் கட்டத்தாளில்தான் சிந்திக்கிறார்கள். சிறிய வரைவைச் சுவரளவுக்குப் பெரிதாக்கவும் கட்டம்தான் உதவுகிறது. பிறர் எடுத்த படத்தின்மேல் கட்டம் போடுவதுதான் தவறே தவிர, தன் வரைவின்மேல் போடுவது தவறாகாது.

எழுத்துத் தேர்வின் 30 மதிப்பெண்ணையும் மனப்பாடமாக எண்ணிவிட வேண்டாம். ராஜஸ்தானி, பஹாடி, முகலாய, தக்காண ஓவிய மரபுகள் பன்னிரண்டாம் வகுப்பில் வருகின்றன. சுவரோவியங்களைப் பற்றி அஜந்தாவிலிருந்து படிக்கும்போது, ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டுக்கு அருகே உள்ள ஆர்மாமலைக் குகையையும் நினைத்துக்கொள்ளட்டும். ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்களின் எச்சம் அங்கே இருக்கிறது. பெருமளவு அழிந்துவிட்டது, அதனாலேயே பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும் என்பேன்.

பெரியவர்களின் கவலைக்கும் ஒரு பதில் உண்டு. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வராக இருந்தவர். அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். ஓவியம், சிற்பம் மட்டுமன்றி, துணி வடிவமைப்பு, சுடுமண் கலை, காட்சித் தொடர்பு வடிவமைப்பு ஆகியவற்றிலும் அங்கே பட்டம் பெறலாம். நுழைவுத் தேர்வில் எதிரே இருப்பதைப் பார்த்து வரையச் சொல்வார்கள் என்பதால், ஐயா சொன்ன முள்ளுக்கத்தரிக்காய் அங்கும் கைகொடுக்கும்.

காட்பாடியிலிருந்து ஒரு தாய்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பதில்களை என் மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். உழைப்பாளர் சிலையைச் செய்தவர் ஓவியப் பள்ளியின் முதல்வர் என்றதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மண்டபத் தூணில் தாவும் குதிரையின் ஒரு முன்னங்காலை மட்டும் வரைந்தாள். நான்கு தாள்கள் ஆயின. நான்கிலும் தேதி போட்டிருக்கிறாள். பென்சில் வரைவுகளைக் கைப்பேசியில் படமெடுத்தால் தாள் மஞ்சளாகவும் கோடுகள் மங்கலாகவும் தெரிகின்றன, அதற்கு என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், சத்துவாச்சாரி:

குழல்விளக்கையும் ஃபிளாஷையும் அணைத்துவிட்டு, காலை ஒன்பது மணியளவில் நேர்வெயில் படாத திண்ணையிலோ வாசற்படியிலோ தாளைத் தட்டையாக வைத்து, கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். தாளின் நான்கு ஓரங்களும் படத்துக்குள் வர வேண்டும். ஐந்தாவது முறையும் குதிரையின் அதே முன்னங்காலை வரையட்டும்.