விடுப்பு முடிகிறது, வீட்டில் ஆளாளுக்குத் தீர்ப்பு

நூல்காரி:
திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். 26 வார மகப்பேறு விடுப்பு இந்த வாரத்தோடு முடிகிறது. மாமியார் பாப்பாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பிரச்சினை, வந்து போகிற சொந்தக்காரர்கள்தான். பாப்பா அழுதால் "பால் பத்தலை". தூங்கினால் "பால் பத்தாமல் சோர்ந்து கிடக்குது". சிசேரியன் வேறு, "வலி தெரியாம பெத்தவளுக்கு..." என்று பெரியத்தை இழுப்பார். பால்சுறாப் புட்டு மட்டும் விடாமல் வருகிறது, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

14-வது வாரத் தடுப்பூசி அன்று எனக்குக் காய்ச்சல். வீட்டுக்காரர்தான் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனார். அங்கே எல்லோரும் "எவ்வளவு பொறுப்பான அப்பா!" என்றார்களாம். சாயங்காலம் பெரியத்தை எனக்குப் போன்: "ஊசிக்குக்கூடப் போகாம அப்படி என்னம்மா காய்ச்சல்?"

வேலைக்குப் போனால் பாலை எப்படி எடுத்து வைப்பது? இவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

வார்டு அக்கா:
நான் மகப்பேறு வார்டு செவிலியர். அழுகையை வைத்துப் பால் கணக்குப் போடக்கூடாதும்மா. எடை ஏறுகிறதா, நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா, அதைப் பார். சிசேரியனில் பால் ஊற ஒன்றிரண்டு நாள் தாமதமாகலாம், அவ்வளவுதான். கையைக் கழுவிப் பிழிந்து, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வை. வெளியே நான்கு மணி நேரம் என்பார்கள். நம்மூர் வெயிலுக்கு அதை நம்பாதே, எடுத்தவுடன் ஃப்ரிட்ஜ். கொடுக்கும்போது வெந்நீரில் டப்பாவை நிறுத்தினால் போதும், அடுப்பில் காய்ச்சக் கூடாது. பாட்டிலைவிடப் பாலாடையோ (பால் புகட்டும் மூக்குள்ள சங்கு) சின்னக் கிண்ணமோ நல்லது. ஆறு மாதம் முடிந்ததும் கூழ், மசித்த இட்லி என்று தொடங்கு. தாய்ப்பால் இரண்டு வயது வரை தொடரலாம்.

கணக்கன்:
சகோதரி, கார்மெண்ட்ஸ் எச்.ஆரில் இருக்கிறேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, சாப்பாட்டு நேரம் போக, பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் காப்பகமும் வேண்டும், நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். காப்பக விதி மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது. நடப்பு என்னவென்றால், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆய்வுக்கு வரும் அன்று மட்டும் தொட்டிலில் புதுத்துணி இருக்கும். வாய்ச்சொல்லாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

சென்னிமலை ஆத்தா:
கண்ணு, நானும் ஒரு மாமியார்தான். தறிமேட்டுக்குப் பக்கத்திலேயே தூளி கட்டி இரண்டையும் வளர்த்தேன். பிள்ளை வீறிட்டாலும் தறியில் ஏற்றிய பாவு பாதியில் நிற்காது, கெடு அப்படி. ஆனால் "பிள்ளையை விட்டுட்டு வேலைக்குப் போறா" என்று என்னை ஒருத்தரும் சொன்னதில்லை. தறி வீட்டுக்குள் இருந்ததால் அதை வேலை என்றே யாரும் நினைக்கவில்லை. நீ வாசலைத் தாண்டுவதுதான் அவர்கள் கண்ணை உறுத்துகிறது. பெரியத்தை உன் வீட்டுக்காரனுக்குத்தானே அத்தை? போன் வந்தால் அவன் கையில் கொடு. மாமியாரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள், பகலெல்லாம் பிள்ளையைத் தூக்கப் போகிறவள் அவள்.

நூல்காரி:
நன்றி அக்கா, ஆத்தா. மாமியாருக்குப் பாலாடை பழக்கம்தானாம், எனக்குத்தான் கற்றுத்தர வேண்டும் என்கிறார். கணக்கன் அண்ணா, எங்கள் கம்பெனியில் 'குழந்தைகள் காப்பகம்' பலகை மாட்டிய அறையில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது. கடிதத்தில் இதையும் எழுதலாமா, இடைவேளையை மட்டும் முதலில் கேட்கட்டுமா?