செவ்வாய்க்கு 40 நாளில் போக முடியாதா?

விரைவோன்:
ஒரு சின்னக் கணக்கு. பூமியும் செவ்வாயும் மிக நெருங்கி வரும்போது இடைவெளி சுமார் 5.5 கோடி கிலோமீட்டர். 2006 ஜனவரியில் புளூட்டோவை நோக்கிக் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் பூமியை விட்டு விலகியபோது அதன் வேகம் மணிக்கு 58,000 கி.மீ. வகுத்துப் பாருங்கள், 40 நாள் போதும். ஆனால் எங்கே படித்தாலும் "7 முதல் 9 மாதம்" என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். செலவுக்குப் பயந்து மெதுவாகப் போகிறோம், அதையே இயற்கை விதி மாதிரி சொல்லிக்கொள்கிறோம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

நீள்வட்டம்:
வந்துவிட்டேன். தூரத்தை வேகத்தால் வகுப்பது சாலைக்குச் சரி. இங்கே கிளம்பும் இடமும் ஓடுகிறது, சேரும் இடமும் ஓடுகிறது. பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறது, எந்தக் கலமும் அந்த ஓட்டத்தோடுதான் கிளம்பியாக வேண்டும். அதை உதறிவிட்டுச் செவ்வாயைப் பார்த்து நேராகப் பாய நம்மிடம் ராக்கெட் இல்லை. சூரியனைச் சுற்றும் ஒரு வளைவில் ஏறி, செவ்வாய் எங்கே வரப்போகிறதோ அங்கே போய்ச் சேர வேண்டும். நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் (தரையில் ஓடும் ஆய்வு வண்டி) 2020 ஜூலை 30-இல் கிளம்பி 2021 பிப்ரவரி 18-இல் இறங்கியது. 203 நாள், கடந்த தூரம் சுமார் 47 கோடி கி.மீ. உங்கள் 5.5 கோடி எங்கே, இது எங்கே? ஜெர்மன் பொறியாளர் வால்டர் ஹோமன் 1925-இல் காட்டிய சிக்கனமான பாதையில் போனால் 259 நாள்.

விரைவோன்:
நேர்கோட்டை விடுங்கள், வளைந்தே போகலாம். வளைவிலும் குட்டை, நெட்டை உண்டே! நாசாவின் மரைனர் 7 கிளம்பியது 1969 மார்ச் 27, செவ்வாயை எட்டியது ஆகஸ்ட் 5. வெறும் 131 நாள். 2013 நவம்பர் 5-இல் ஏவிய மங்கள்யான் 2014 செப்டம்பர் 24-இல்தான் சேர்ந்தது. 45 வருஷம் கழித்து இரண்டு மடங்குக்கும் மேல் நேரம். இதற்கு என்ன பெயர்?

நீள்வட்டம்:
மரைனர் 7 நிற்கவில்லை ஐயா. படம் எடுத்துக்கொண்டே செவ்வாயைத் தாண்டிப் போய்விட்டது. மங்கள்யான் நின்றது. அதை ஏற்றிய பி.எஸ்.எல்.வி. அத்தனை பெரிய ராக்கெட் இல்லை என்பதால் முதல் மாதம் முழுக்கப் பூமியைச் சுற்றியே பாதையை உயர்த்திக்கொண்டிருந்தது. பூமியை விட்டதே டிசம்பர் 1-இல்தான். செவ்வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் 24 நிமிடம் எஞ்சினை எரித்து, விநாடிக்குச் சுமார் 1.1 கி.மீ. வேகத்தைக் குறைத்தது. இன்னும் வேகமாக வந்திருந்தால் இன்னும் எரிக்க வேண்டும். அந்த எரிபொருளையும் இங்கிருந்தே சுமக்க வேண்டும், அதைச் சுமக்க மேலும் எரிபொருள். போகும் வேகத்துக்கு ஒரு முறை, நிற்பதற்கு இன்னொரு முறை என்று இரண்டு தடவை விலை கொடுக்கிறோம்.

கேள்விக்குறி:
மற்ற கிரகங்களுக்கு எவ்வளவு நாள்? யாராவது ஒரு பட்டியல் போடுங்களேன்.

நீள்வட்டம்:
பட்டியல் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். புதனையே பாருங்கள். மரைனர் 10 கிளம்பிய 147-வது நாளில், 1974 மார்ச்சில், புதனைக் கடந்தது. மெசஞ்சர் 2004 ஆகஸ்டில் கிளம்பி 2011 மார்ச்சில்தான் அதைச் சுற்ற ஆரம்பித்தது. ஆறரை வருஷம்! சூரியனை நோக்கி விழ விழ வேகம் ஏறிக்கொண்டே போகும். அதைக் குறைக்க பூமியை ஒரு முறை, வெள்ளியை இரண்டு முறை, புதனையே மூன்று முறை, அவற்றின் ஈர்ப்பு இழுக்கும்படி ஒட்டிக் கடக்க வேண்டியிருந்தது. வியாழனை நியூ ஹொரைசன்ஸ் 13 மாதத்தில் கடந்தது, அங்கே தங்கப் போன ஜூனோவுக்கு 5 வருஷம். நெப்டியூனுக்கு 12 வருஷத்தில் போன வாயேஜர் 2-உம் நிற்காமல் போனதுதான். "எத்தனை நாள்" என்று கேட்பவர், கடந்து போகவா, தங்கவா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

விரைவோன்:
ஜூனோவுக்கு 5 வருஷம் ஆனது நிற்பதற்காக மட்டுமா? நேராக வியாழனுக்கு எறிய அதன் ராக்கெட்டுக்குப் பலம் போதவில்லை. 2013-இல் பூமிக்கே திரும்பி வந்து வேகம் வாங்கிக்கொண்டு போனது. பலமான ராக்கெட் கொடுத்திருந்தால் நேரம் குறைந்திருக்கும். நான் சொல்வதும் அதுதானே?

நீள்வட்டம்:
நியூ ஹொரைசன்ஸின் எடை 478 கிலோ. ஜூனோ 3,600 கிலோவுக்கு மேல். நாலு மனிதர்களையும் அவர்களுக்கான காற்று, தண்ணீர், சாப்பாட்டையும் எந்த எடையில் அடக்கப் போகிறீர்கள்?

மறுகரை:
இவ்வளவு நேரம் இரண்டு பேரும் ஒரு வழி டிக்கெட்டுக்கே சண்டை போடுகிறீர்கள். மனிதன் போனால் திரும்பி வர வேண்டாமா? பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு ஏற்ற நிலையில் அமைவது 26 மாதத்துக்கு ஒரு முறை. ஹோமன் பாதையில் போக 259 நாள், அங்கே காத்திருப்பு சுமார் 450 நாள், வர 259 நாள். விரைவோன் சொல்கிறபடி 131 நாளில் போய் இறங்கினாலும் திரும்பும் வேளை அவருக்காக முன்னால் வந்துவிடாது. மிச்சம் பிடித்த நாளில் பெரும்பகுதியை அங்கே உட்கார்ந்து கழிக்க வேண்டியதுதான். மொத்தம் இரண்டரை வருஷம் என்பது பெரிதாக மாறாது.

விரைவோன்:
உட்காரும் இடம் தரையா, வெற்றுவெளியா என்பது பெரிய வித்தியாசம். நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் போகும் வழியில் அளந்த கதிர்வீச்சு நாளுக்கு 1.8 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு). இறங்கிய பிறகு அளந்தது சுமார் 0.67. காலுக்கடியில் ஒரு கிரகமே மறைப்பாக இருக்கிறது, மெல்லிய காற்றும் இருக்கிறது. பயணத்தில் 120 நாளைக் குறைத்துத் தரையில் கழித்தால் ஒரு வழிக்குச் சுமார் 135 மில்லிசீவர்ட் மிச்சம். ஈர்ப்பும் பூமியில் இருப்பதில் 38 சதவீதம் கிடைக்கும், எலும்பும் தசையும் கரைவது குறையலாம். "மொத்தம் மாறாது" என்று ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள்.

மறுகரை:
எடையில்லாமல் இருப்பதற்கு அவ்வளவு பயம் வேண்டாம். ரஷ்ய விண்வெளி வீரர் வலேரி பொல்யாக்கோவ் 1994-95இல் மிர் விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து 437 நாள் இருந்துவிட்டு வந்தார். கதிர்வீச்சு விஷயத்தில் அந்த உதாரணம் செல்லாது, மிர் கதிர்வீச்சைத் தடுக்கும் பூமியின் காந்தப்புலத்துக்குள்ளேயே சுற்றியது. அதில் உங்கள் வாதத்துக்குக் கனம் இருக்கிறது.

நீள்வட்டம்:
கனம் இருக்கிறது, வழி எங்கே? பிளாஸ்மா எஞ்சினால் 39 நாளில் போகலாம் என்று முன்னாள் விண்வெளி வீரர் ஃபிராங்க்ளின் சாங் டியாஸ் சொல்லிவருகிறார் (உங்கள் 40-க்கு அருகில் வந்தது தற்செயல்). அதற்குத் தேவை 200 மெகாவாட் தரும் அணு உலை. சர்வதேச விண்வெளி நிலையத்தின் சூரியத் தகடுகள் தருவது சுமார் 100 கிலோவாட். இரண்டாயிரம் மடங்கு!

விரைவோன்:
40-ஐப் பிடித்துக்கொண்டு தொங்குவது நீங்கள்தான், நான் 259-இல் 120-ஐக் குறைத்து 140-க்கு வந்து ரொம்ப நேரமாகிறது. நிற்பதற்கு எரிபொருளே எதற்கு? பெர்சிவரன்ஸ் மணிக்கு 19,500 கி.மீ. வேகத்தில் உள்ளே நுழைந்து, செவ்வாயின் காற்றில் உரசியே பெரும்பாலான வேகத்தைக் கரைத்ததே.

நீள்வட்டம்:
இறங்கிய ரோவர் ஒரு டன். மனிதர்கள் இறங்க வேண்டுமென்றால் பல பத்து டன். அந்தக் காற்றின் அடர்த்தி பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குதான்.

மறுகரை:
140 என்றே வைத்துக்கொள்வோம். 180 நாள் பாதையில் ஒரு வசதி உண்டு. செவ்வாயில் நிற்க முடியாமல் போனால், எஞ்சினை அதிகம் தொடாமலே கிளம்பிய நாளிலிருந்து 2 வருஷத்தில் அந்தப் பாதை பூமியிடம் கொண்டுவந்து சேர்க்கும். 140-க்கு இறக்கினால் வளைவு இன்னும் வெளியே நீண்டு, திரும்ப 3 வருஷம் ஆகும். உங்கள் கலத்தில் 3 வருஷச் சாப்பாடு இருக்குமா?

விரைவோன்:
எப்படியும் இரண்டரை வருஷத்துக்கு ஏற்பாடு செய்துதானே போகிறோம், இன்னும் ஆறு மாதத்துக்குக் கூடுதலாக ஏற்றுங்கள். எஞ்சின் கைவிடும் ஒரு பயணத்தை நினைத்து, கைவிடாத எல்லாப் பயணங்களிலும் போக 40, வர 40 நாள் கூடுதல் கதிர்வீச்சை வாங்கச் சொல்கிறீர்கள். போகிறவர்களிடமே கேட்கலாம். என்னைக் கேட்டால் 140.