மவுசாக்கலையில தங்கூசி அறுந்த கதை, உங்க தூண்டி அனுபவத்தையும் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், நான் மஸ்கெலியா பக்கம். சின்ன வயசுலருந்து தூண்டி போடுறவன், ஆனா ரொட்டு (கடையில விக்கிற தூண்டிக் கம்பு), லைன் சுத்துற ரீலுன்னு சொந்தமா வாங்கி மூணு வருஷந்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி மூங்கில் கம்பு, தங்கூசி (நைலோன் தூண்டி நூல்), பழைய செருப்புல வெட்டின தக்கை, டயர் கடை வாசல்ல பொறுக்கின ஈயத்துண்டு, அவ்வளவுதான். நம்மள்ல நெறைய பேரு அப்பிடி லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னாடி ஆத்துல ஆரம்பிச்சவங்கதான்.

போன வருஷம் பங்குனி மாசம் மழையே இல்ல, மவுசாக்கலை டேம்ல தண்ணி நல்லா எறங்கிருச்சு. எங்க ஊர் ஆளுங்களுக்கு தெரியும், தண்ணி எறங்குனா பழைய டவுன் வெளிய வரும். 1969ல டேம் கட்டி முடிச்சப்ப முங்கிப்போன மஸ்கெலியா டவுன், கோயில் செவரு, கட்டடத்து அஸ்திவாரம் எல்லாம் சேத்தோட எந்திரிச்சு நிக்கும். எங்க தாத்தா அந்த டவுன்லதான் தீவாளிக்கு துணி எடுத்தாராம். அந்த செவரு ஓரமா ஒரு ஆள் ஆழம் தண்ணி நிக்கிற எடமா பாத்து விடியக்காலையில உக்காந்தேன். கெண்டை அந்த மாதிரி எடத்துல நிக்கும், கல்லு சந்து சேத்துல வாய வச்சு கெளறி புழு பூச்சி திங்கும், கெளறுற எடத்துல மணி மணியா கொமிழி வரும், கொமிழி வந்தா எடத்த விட்டு நகராதீங்க.

தீனிக்கு ரொட்டி மாவுல கொஞ்சம் சீனி போட்டு, பஞ்சு ரெண்டு இழை பிச்சு சேத்து பிசைஞ்சு வச்சிருந்தேன். பஞ்சு சேத்தா மாவு தண்ணியில சீக்கிரம் கரையாது, முள்ள விட்டு கழண்டும் போவாது. கெண்டை திலாப்பியா மாதிரி லபக்குன்னு இழுக்காது, வாயில உறிஞ்சும், துப்பும், திரும்ப உறிஞ்சும். தக்கை லேசா நடுங்கும், ஒரு பக்கமா சாயும், அப்புறந்தான் மெதுவா நகரும், அந்த நகருற நேரத்துலதான் இழுக்கணும், நடுங்கும்போதே இழுத்தா முள்ளு வெறுமனேதான் வரும். அன்னிக்கு பொறுத்திருந்து சரியா இழுத்துட்டேன். ரொட்டு வில்லு மாதிரி வளைஞ்சிருச்சு, கை நடுங்குது, ஒரு தடவ மேல வந்து பொரண்டுச்சு பாருங்க, செதில் ஒவ்வொன்னும் தங்கக்காசு மாதிரி மினுங்குது, அப்பிடி ஒரு கெண்டைய நான் அந்த தண்ணியில பாத்ததே இல்ல. அது செவரு பக்கமா ஓடுச்சு, நான் விடக்கூடாதுன்னு ட்ரெக்க, அதான் லைன் ஓடுறத கட்டுப்படுத்துற ரீல் திருகாணிய, இறுக்கினேன். டப்புன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான், கம்பு நிமிந்திருச்சு.

ரெண்டு நாளு சோறு எறங்கல, நெசமாத்தான் சொல்றேன். அப்புறம் அறுந்த லைன எடுத்து வெளிச்சத்துல புடிச்சு பாத்தேன். மூணு வருஷமா ரீல்ல கெடந்த அதே லைன், ரொட்ட எப்பவும் வாசல்ல வெயில்ல சாத்தி வைப்பேன், நைலோன் வெயில் பட்டா வெளிய பாக்க நல்லா இருக்கும், உள்ளுக்குள்ள பலம் போயிரும். அதோட கடைசி ரெண்டு மூணு அடி கல்லுல ஒரசி சொரசொரன்னு இருந்திச்சு. பத்து றாத்தல் தாங்கும்னு டப்பாவுல போட்டிருந்தாலும் அது புது லைனுக்குத்தான், முடிச்சு போட்டாலே கொஞ்சம் பலம் கொறையும். ட்ரெக்குன்னு ஒன்னு ரீல்ல வச்சிருக்கிறதே மீன் வேகமா ஓடும்போது லைன் அறுகுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுக்கத்தான். லைன் தாங்குற பலத்துல மூணுல ஒரு பங்குக்கு இழுத்தா வழுக்கி ஓடுற மாதிரி வச்சா போதும். நான் போய் அத பூட்டுப்போட்டேன்.

அதுலருந்து காசு கொறச்சலா இருந்தா ரொட்டுல மிச்சம் புடிப்பேன், லைன்ல மட்டும் புடிக்கிறதில்ல. தூண்டி போடுறதுக்கு முன்னாடி கடைசி ரெண்டு பாகத்த (கை ரெண்டையும் விரிச்சா ஒரு பாகம்) வெரலுக்கு நடுவுல விட்டு இழுத்துப் பாக்குறேன், சொரசொரப்பு தட்டுனா வெட்டிட்டு புதுசா முள்ளு கட்டுறேன், முடிச்ச இறுக்குறதுக்கு முன்னாடி எச்சில் தொட்டுக்கிறேன், காஞ்ச லைன இறுக்குனா ஒரசுற சூட்டுல அந்த எடமே பலவீனமாயிரும். உங்களுக்கும் இப்பிடி மறக்க முடியாத மீனு இருக்கும்ல, சொல்லுங்க.

— — —

அண்ணே, படிக்கும்போதே கை பதறுது. நான் பொகவந்தலாவ பக்கம், காசல்ரீ டேம்ல தூண்டி போடுவேன். என்னோடது புடிச்ச மீன விட்ட கதை.

நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒரு பெரிய திலாப்பியா மாட்டுச்சு, கரையில தூக்கிப்போட்டு முள்ள கழட்ட வாய தெறந்தா, உள்ள மஞ்ச மஞ்சளா முட்டை, கடுகு மாதிரி சின்னதில்ல, கொஞ்சம் பெருசு. கையில வழிஞ்சு புல்லுல கொட்டிருச்சு. நான் ஏதோ நோய் வந்த மீனுன்னு பயந்து வீட்டுக்கு கொண்டு வந்து பாட்டிகிட்ட காட்டினேன், பாட்டிதான் சொன்னாங்க, அது தாய்டா, முட்டைய வாயிலயே வச்சு குஞ்சு பொரிக்கிற ஜாதி, குஞ்சு நீந்த ஆரம்பிச்ச பிறகும் பயந்தா தாய் வாய்க்குள்ளதான் ஓடி ஒளியும்னு. பாட்டி பள்ளிக்கூடமே போகாதவங்க அண்ணே, ஆத்துல பாத்துதான் அவ்வளவும் தெரிஞ்சு வச்சிருக்காங்க. திலாப்பியா நம்ம நாட்டு மீனில்ல, 1952ல வெளியிலருந்து கொண்டுவந்து விட்டதுன்னு பிறகு படிச்சேன், ஆனா அந்த முட்டை கையில வழிஞ்சது இன்னும் மனச விட்டு போகல.

அதுலருந்து முள்ளு நுனிகிட்ட பின்பக்கமா நீட்டிட்டு இருக்கிற அந்த எதிர்முள்ள குறடால அமுக்கி மடக்கிட்டுத்தான் போடுறேன். லைன தளர விடாம இழுத்தா மீன் ஒன்னும் அவ்வளவா கழண்டு போறதில்ல, வேணாம்னு விடுறப்ப வாயும் கிழியாது. கைய தண்ணியில நனைச்சுட்டு புடிங்க, காஞ்ச கை பட்டா மேல இருக்கிற வழுவழுப்பு போயிரும், அதுதான் மீனுக்கு நோய் வராம காக்குறது.

— — —

பொம்பள ஒருத்தி எழுதலாம்ல? நான் நானுஓயா. எங்க தாத்தா தொரமாருக்கு கூடை தூக்கிட்டு ட்ரவுட் புடிக்க போனவரு. வெள்ளக்காரன் 1880கள்லயே அந்த மீனோட முட்டைய கப்பல்ல கொண்டுவந்து நுவரெலியா பக்கம் பொரிக்க வச்சு ஆத்துல விட்டான், நம்ம மலைத் தண்ணி குளிரா, சுத்தமா, கல்லுல மோதி ஓடுறதால அதுக்கு ஒத்துப்போச்சு. அந்த மீனு தண்ணி மேல உக்காருற பூச்சிக்கு நல்லா பாயும், அதனால தொரமார் றெக்கையில செஞ்ச பொய்ப்பூச்சி போடுவாங்களாம். தாத்தா அத பாத்துட்டு வந்து சேவலோட கழுத்து றெக்கையும் தையல் நூலும் வச்சு அவரே கட்டுவாரு, எனக்கும் கத்துக்கொடுத்தாரு, கொக்கிய கதவு இடுக்குல சொருகிட்டு கட்டச் சொல்வாரு.

எனக்கு பதினாறு வயசுல நான் கட்டின பூச்சியில ஒரு ரெயின்போ ட்ரவுட் மாட்டுச்சு. சின்னதுதான், என் கையளவு. பக்கவாட்டுல ரோஸ் கலர்ல ஒரு கோடு, ஒடம்பெல்லாம் கறுப்பு புள்ளி. தாத்தா ஒன்னும் சொல்லல, என் தலையில கைய வச்சுட்டு அப்பிடியே நின்னாரு. பொம்பளப்புள்ள ஆத்தங்கரையில நிக்கலாமான்னு லயத்துல பேசினவங்களுக்கும் அவருதான் பதில் சொன்னாரு. அந்த பூச்சி இன்னும் என் தையல் பெட்டியில இருக்கு.

ஒன்னு மட்டும், ஹோட்டன் சமவெளி 1988லருந்து தேசிய பூங்கா, அங்க ஆத்துல ட்ரவுட் கண்ணுக்கு தெரியுதுன்னு ஆசப்பட்டு யாரும் தூண்டிய எடுத்துட்டு போயிராதீங்க.

— — —

தலவாக்கலைலருந்து. அனுபவம் சின்னது ஆனா சொல்லியே ஆகணும். மேல் கொத்மலை டேமுக்கு கீழ நடு ஆத்துல பாறை மேல உக்காந்து தூண்டி போட்டுட்டு இருந்தோம், நான், மச்சான், மச்சானோட மகன். நம்ம பக்கம் வெயில், ஆனா மேல மலையில மழை. டேம்லருந்து தண்ணி தெறந்து விடப்போறாங்கன்னு சைரன் அடிச்சுச்சு, மச்சான் இந்த மீன மட்டும் எடுத்துக்கிறேன்னான், நான் புள்ளைய தூக்கிட்டு கரைக்கு ஓடிட்டேன், மச்சான் வந்து சேரும்போது தண்ணி இடுப்புல. ரொட்டு, பை, செருப்பு எல்லாம் போச்சு. தண்ணி கலங்கினாலோ, எல குச்சி மெதந்து வந்தாலோ சைரனுக்கு காத்திருக்காதீங்க, அப்பவே ஏறிருங்க.

— — —

மஸ்கெலியாக்காரன்தான் திரும்ப. தலவாக்கலை அண்ணே, புள்ளைய மொதல்ல தூக்கினீங்களே, ரொட்டு போனா போகுது. பொகவந்தலாவ தம்பி, என் முள்ளையெல்லாம் நேத்து ராத்திரியே குறடால மடக்கிட்டேன். நானுஓயா அக்கா, அந்த சேவல் றெக்கை கட்டுற முறைய ஒரு நாளைக்கு வெவரமா எழுதுங்க, எந்த எடத்துல நூல மொதல்ல சுத்தணும்னு, என் மகளுக்கு ஒம்போது வயசு, நீங்க எழுதினத வாசிச்சு காட்டினதுலருந்து பக்கத்து வீட்டு சேவல் பின்னாடியே சுத்துறா.

தண்ணி இப்ப திரும்ப எறங்குது, கோயில் செவரு மேல் வரி தெரிய ஆரம்பிச்சிருச்சு. லைன் புதுசா சுத்தி வச்சிருக்கேன்.