‘வொர்க்’ என்ற சொல்லோடு எப்போது ‘ஸ்’ சேர்க்கலாம்? நாளைக்குள் கடிதம் அனுப்ப வேண்டும்

அட்டைக்காரன்:
வணக்கம். நான் புத்தக அட்டை வடிவமைக்கிறவன். நான்கு வருடமாக இதே தொழில். ஒரு ஆங்கிலப் பதிப்பகத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன், நாளை கடைசி நாள். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்: வொர்க்.

போன மாதம் ஒருவருக்கு ‘டுடே ஐ ஹேவ் மெனி வொர்க்ஸ்’ என்று மின்னஞ்சல் அனுப்பினேன். வொர்க்ஸ் தப்பு, ‘எ லாட் ஆஃப் வொர்க்’ என்று எழுத வேண்டும் என்று திருத்தி அனுப்பினார். அன்றிலிருந்து எங்கே ‘வொர்க்ஸ்’ எழுதினாலும் அந்த ஸ்ஸை அழித்துவிடுகிறேன். ஆனால் நேற்று ஓர் ஓவியக் கண்காட்சிக் கையேட்டில் ‘ட்வெல்வ் வொர்க்ஸ்’ என்று அச்சிட்டிருந்தார்கள். திரும்பி வரும் வழியில் ‘ரோட் வொர்க்ஸ்’ என்று ஒரு பலகை. எது சரி என்றே புரியவில்லை.

கடிதத்தில் இந்த நான்கு வரிகள்தான் உறுத்துகின்றன:

‘ஐ ஹேவ் டன் மெனி வொர்க்ஸ் ஃபார் பப்ளிஷர்ஸ்.’
‘கவர் டிசைன் ஈஸ் எ ஹார்ட் வொர்க், பட் ஐ லவ் இட்.’
‘ஐ ஆம் சர்ச்சிங் எ ஃபுல் டைம் வொர்க்.’
‘மை வொர்க்ஸ் ஆர் அட்டாச்ட்.’

நடுப்பக்கம்:
வொர்க் எண்ண முடியாத பெயர்ச்சொல். ஸ் சேர்க்கவே கூடாது. நான்கு வரியிலும் எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

சிவப்புமை:
நடுப்பக்கம், பாதிதான் சரி. அப்படி எடுத்தால் இரண்டாவது, மூன்றாவது வரிகள் தப்பாகவே இருக்கும், அவற்றில் ஸ்ஸே கிடையாதே. கண்காட்சிக் கையேடும் தப்பாகிவிடும்.

தம்பி, நான் பல வருடமாக ஆங்கில மெய்ப்பு பார்க்கிறேன். இந்தச் சொல்லில் நான் பிடித்துக்கொள்வது ஒன்றுதான். செய்கிற உழைப்பைச் சொன்னால் வொர்க்கை எண்ண முடியாது. எ வராது, ஸ் வராது, மெனி வராது. செய்து முடித்து எதிரே நிற்கிற படைப்பைச் சொன்னால் எண்ணலாம். ஓவியம், சிற்பம், நாவல், இசைக்கோவை, எதுவானாலும் ‘எ வொர்க்’, ‘ட்வெல்வ் வொர்க்ஸ்’. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் தமிழில் ‘படைப்பு’ என்று வைத்துப் பாருங்கள். பொருந்தினால் ஸ் சேர்க்கலாம். ‘இன்று எனக்கு நிறையப் படைப்பு இருக்கிறது’ பொருந்தாது, ‘பன்னிரண்டு படைப்புகள்’ பொருந்தும்.

தப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். பேச்சில் நாம் ‘இன்னைக்கு நிறைய வேலை இருக்கு’ என்றுதான் சொல்கிறோம், கள் சேர்ப்பதில்லை. எழுத உட்கார்ந்தால்தான் ‘பல வேலைகள்’ என்று வருகிறது, அதிலிருந்து ‘மெனி வொர்க்ஸ்’ வந்துவிடுகிறது. உங்கள் இரண்டாவது வரியும் இப்படி வந்ததுதான். ‘அது ஒரு கஷ்டமான வேலை’ என்று மனதில் ஓடுகிறது, அந்த ‘ஒரு’ ஆங்கிலத்தில் ‘எ’ ஆகிவிடுகிறது. ‘கவர் டிசைன் ஈஸ் ஹார்ட் வொர்க்’ என்று எழுதுங்கள். எ வேண்டாம்.

மூன்றாவது வரியில் இரண்டு சிக்கல். நமக்கு உழைப்பும் வேலை, உத்தியோகமும் வேலை. ஆங்கிலத்தில் உத்தியோகத்தை எண்ணிச் சொல்ல ஜாப் இருக்கிறது: ‘எ ஜாப்’, ‘டூ ஜாப்ஸ்’. எ வேண்டாம் என்றால் ‘லுக்கிங் ஃபார் வொர்க்’ என்றும் சொல்லலாம். அப்புறம், சர்ச் என்பதோடு ஃபார் இல்லாவிட்டால் தேடப்படும் பொருளுக்குப் பதிலாக, தேடிப் பார்க்கும் இடம் என்ற பொருள் வந்துவிடும். ‘சர்ச்சிங் எ ரூம்’ என்றால் அறையையே குடைந்து பார்ப்பது. ஆகவே ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஃபுல் டைம் ஜாப்.’

நான்காவது வரியில்தான் யோசிக்க வேண்டும். அட்டை ஒரு படைப்புதான், இலக்கணப்படி ‘மை வொர்க்ஸ்’ தப்பில்லை. ஆனால் அதன் தொனி பெரியது. ஆங்கில நாடகாசிரியர் பென் ஜான்சன் 1616இல் தன் நாடகங்களையும் கவிதைகளையும் தொகுத்து ‘வொர்க்ஸ்’ என்று தலைப்பு வைத்தபோது, மற்றவர்கள் நாடகம் என்பதை நீர் மட்டும் படைப்பு என்கிறீரே என்று அந்தக் காலத்திலேயே அவரைச் சீண்டி எழுதினார்கள். நாடகத்தைக் குறிக்கும் ப்ளே என்ற சொல்லுக்கு விளையாட்டு என்றும் பொருள், வொர்க் என்றால் உழைப்பு என்ற சிலேடையும் அதில் இருந்தது. இன்றும் ஒருவர் ‘மை வொர்க்ஸ்’ என்று சொன்னால் அருங்காட்சியகத்தில் மாட்டியதைச் சொல்வதுபோல் இருக்கும். வடிவமைப்பாளர்கள் ‘சாம்பிள்ஸ் ஆஃப் மை வொர்க் ஆர் அட்டாச்ட்’ என்றுதான் எழுதுவார்கள். எண்ணிக்கை சாம்பிள்ஸில் போய்விடுகிறது, வொர்க் அப்படியே இருக்கிறது.

முதல் வரிக்கு ‘எ லாட் ஆஃப் வொர்க்’ போதும். ஆனால் என்னைக் கேட்டால் வொர்க்கையே எடுத்துவிடுவேன். எத்தனை அட்டை செய்திருக்கிறீர்கள்? அந்த எண்ணைச் சொல்லுங்கள். படிக்கிறவருக்கு அதுதான் வேண்டும்.

அட்டைக்காரன்:
அக்கா, ரொம்ப நன்றி. எண்ணிப் பார்த்தேன், அறுபத்து மூன்று அட்டை. ‘ஐ ஹேவ் டிசைன்ட் சிக்ஸ்டி த்ரீ புக் கவர்ஸ்’ என்று மாற்றிவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஹோம்வொர்க்ஸ் தப்பு என்கிறார்கள், ஆனால் நெட்வொர்க்ஸ், ஃப்ரேம்வொர்க்ஸ் என்று எங்கும் எழுதுகிறார்களே? அப்புறம் அந்தச் சாலைப் பலகை? சாலை போடுவது உழைப்புதானே, படைப்பு இல்லையே.

சிவப்புமை:
முதல் கேள்விக்கு அதே விடைதான். ஹோம்வொர்க், ஹவுஸ்வொர்க் இரண்டும் செய்கிற உழைப்பு, ஸ் வராது. எண்ணியே ஆக வேண்டுமென்றால் ‘டூ பீசஸ் ஆஃப் ஹோம்வொர்க்’. நெட்வொர்க் என்பது வலைபோல் பின்னிய ஒன்று, ஃப்ரேம்வொர்க் ஒரு சட்டகம். இரண்டும் செய்து முடித்த பொருள்கள். ஆனால் ‘பீஸ் ஆஃப் வொர்க்’ என்று ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள், வசையாகிவிடும்.

பலகைக் கேள்வியை முழங்கோணம் பார்த்தால் நன்றாகச் சொல்வார்.

முழங்கோணம்:
நான் கட்டுமானப் பொறியாளன். எங்கள் துறையில் வொர்க்ஸ் வேறு வகை. ரோட் வொர்க்ஸ், பப்ளிக் வொர்க்ஸ், ட்ரெயினேஜ் வொர்க்ஸ் எல்லாமே கட்டுமானப் பணி என்ற பொருளில் பெரும்பாலும் பன்மையாகவே வரும். ‘எ ரோட் வொர்க்’ என்று ஒன்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே படைப்புச் சோதனை இங்கே உதவாது, தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலை என்ற பொருளில் வரும் ஸ்டீல்வொர்க்ஸ், கேஸ்வொர்க்ஸ் இன்னொரு விதம். ஒரே ஓர் ஆலையானாலும் ஸ் இருக்கும், ‘எ ஸ்டீல்வொர்க்ஸ்’ சரியான ஆங்கிலம். கடிகாரத்துக்குள் இருக்கும் சக்கரங்களையும் சுருள்வில்லையும் சேர்த்து ‘தி வொர்க்ஸ்’ என்பதும் உண்டு.

இயற்பியல் வொர்க் சிவப்புமை அக்கா சொன்ன விதிக்கு அப்படியே அடங்கும். 1829இல் கொரியோலிஸ் என்ற அறிவியலாளர் பிரெஞ்சில் ‘உழைப்பு’ என்ற அன்றாடச் சொல்லையே எடுத்து, விசை பெருக்கல் நகர்ந்த தூரம் என்று பொருள் கொடுத்தார். 10 கிலோ பையை 1 மீட்டர் உயரத் தூக்கினால் ஏறக்குறைய 98 ஜூல் வொர்க். இரண்டு தடவை தூக்கினாலும் 196 ஜூல் வொர்க், டூ வொர்க்ஸ் ஆகாது. ஜூல் என்ற அலகைத்தான் எண்ணுகிறோம்.

நடுப்பக்கம்:
என் பதிலைத் திரும்பப் பெறுகிறேன், அவசரத்தில் சொல்லிவிட்டேன். ஒரு கேள்வி: ‘திஸ் மெஷின் வொர்க்ஸ்’ என்பதில் உள்ள ஸ் இதில் எந்த வகை?

சிவப்புமை:
எதுவும் இல்லை. அது வினைச்சொல், அந்த ஸ் ‘மெஷின்’ என்ற ஒருமைக்காக வருவது. வினையில் இன்னொரு பழைய வடிவமும் உண்டு. ராட் அயர்ன் என்று சொல்லும் இரும்புக் கதவுகளில் வரும் ‘ராட்’, வொர்க் என்பதன் பழைய இறந்தகால வடிவம். அடித்து உருவாக்கிய இரும்பு என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

அட்டைக்காரன்:
கடைசியாக ஒருமுறை பாருங்கள் அக்கா, முழுப் பத்தியும் இதுதான்: ‘ஐ ஹேவ் டிசைன்ட் சிக்ஸ்டி த்ரீ புக் கவர்ஸ் இன் ஃபோர் இயர்ஸ். கவர் டிசைன் ஈஸ் ஹார்ட் வொர்க், பட் ஐ லவ் இட். ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஃபுல் டைம் ஜாப். சாம்பிள்ஸ் ஆஃப் மை வொர்க் ஆர் அட்டாச்ட். யூ கேன் கால் மீ ஆஃப்டர் தி வொர்க்.’

சிவப்புமை:
நன்றாக வந்திருக்கிறது. கடைசி வரியில் மட்டும் ‘தி’ வேண்டாம். பணியிடத்தையோ பணி நேரத்தையோ பொதுவாகச் சொல்லும்போது ‘அட் வொர்க்’, ‘கோ டு வொர்க்’, ‘ஆஃப்டர் வொர்க்’ என்று மொட்டையாகத்தான் வரும். ‘ஆஃப்டர் வொர்க்’ என்றாலும் உங்கள் வேலை முடியும் நேரம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? ‘ஆஃப்டர் சிக்ஸ்’ என்று மணியைச் சொல்லிவிடுங்கள்.

அட்டைக்காரன்:
மணி போட்டுவிட்டேன். கடிதமும் அனுப்பியாயிற்று.