வேப்பமரத்தின் கொழுந்துகள் கருகுகின்றன

கேள்வி: வாசலில் நிற்கும் பெரிய வேப்பமரத்தின் கிளை நுனிகள், மழைக்காலம் முடிந்ததிலிருந்து பழுப்பேறிக் காய்ந்து, தீயில் வாட்டியதுபோல் தொங்குகின்றன. மரத்தை வெட்டிவிட வேண்டியதுதானா?

மறுமொழி 1: தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள், ஐயா. இது போமாப்சிஸ் என்னும் பூஞ்சையால் வரும் நுனிக்கருகல் நோய். இளந்தண்டில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு நாவாய்ப்பூச்சியும் பல இடங்களில் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. முதிர்ந்த மரங்கள் பெரும்பாலும் கோடையில் மீண்டும் துளிர்த்துவிடும். கைக்கெட்டும் கிளைகளை, கருகல் முடிந்து பச்சை தெரியும் இடம்வரை கவாத்து செய்து, வெட்டியவற்றை அப்புறப்படுத்துங்கள்.

மறுமொழி 2: தூரைச் சுற்றிச் சிமெண்டு பூசியிருந்தால் முதலில் அதை உடைத்தெடுங்கள், வேருக்குக் காற்றும் நீரும் கிடைக்காத மரம் நோயைத் தாங்காது. உயர்ந்த மரத்துக்கு மருந்து தெளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது உச்சிக்கு எட்டாமல் தெருவில் போவோர்மீதுதான் படியும்.

மறுமொழி 3: இளங்கன்றாக இருந்தால் மட்டும் காத்திருக்காமல், வேளாண் அலுவலரிடம் கேட்டுப் பூஞ்சைக்கொல்லி தெளியுங்கள்.